ஆமைப் பாடம்

உப்புவெளி பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் பயிற்சி ஆசிரியைகள் இருவர். ஒருத்தியின் மடியில் சுருட்டிய படங்கள்.

“கப்பல் படத்தைத் தூக்கினனான்டி. முழு வகுப்பும் ‘ஆமை’ எண்டு கத்துது!” என்று அவள் சீறினாள்.

“ஏன்?”

“விரிவுரையாளர் பார்க்க வாறார் எண்டு நேற்று இதே பாடத்தைத் திருப்பித் திருப்பிப் பழக்கினனான். முதல் படம் ஆமை. இண்டைக்குப் படங்களின்ர வரிசை மாறிப்போச்சு. விடிஞ்சா துறைமுகத்தில கப்பல் பார்க்கிற பிள்ளையள், ஒரு பிள்ளையாவது படத்தைப் பார்க்கேல்லை!”

“அவர் என்ன சொன்னவர்?”

“‘வகுப்பைப் பார்த்துப் பாடத்தை மாத்தப் பழகுங்கோ, பிள்ளை’யாம். அந்த நேரத்தில என்னத்தை மாத்திறது?”

“பிள்ளையளுக்குப் பிழை எண்டாவது நீ சொல்லியிருக்கலாமே?”

படச்சுருளை நெரித்தாள்.

“நானும் எங்க படத்தைப் பார்த்தனான்? ‘கெட்டிக்காரர், எல்லாரும் கைதட்டுங்கோ’ எண்டு பழகினதையே நானும் சொல்லிப்போட்டன்!”