திரும்பிப் பார்க்காதவன்

எனக்கு ஞாபகசக்தி குறைவு. ஆங்கில வார்த்தைகள் சொல்லிக்கொடுக்கும் வேலையில் அது ஒரு வசதி. மறந்துபோகிறவர்களின் கஷ்டம் தெரியும். வெளிநாட்டு மேல்படிப்புக்குப் பரீட்சை எழுதுகிறவர்களுக்குப் பன்னிரண்டு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். யாரையும் மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை. வார்த்தையை உடைத்து வேரைக் காட்டுவேன். வேர் பிடிபடாவிட்டால் மனதில் ஒரு படத்தை ஒட்டிவிடுவேன். 'மொரோஸ்' என்றால் சிடுமூஞ்சி. "முறைச்சுக்கிட்டே இருக்கறவர்னு வெச்சுக்கங்க" என்பேன். வகுப்பே சிரிக்கும். அப்புறம் அது யாருக்கும் மறக்காது.

அந்த முறைப்பு என் அப்பாவுடையது. பக்கவாதம் வந்து ஒன்பது வருடம் சக்கர நாற்காலியில் இருந்தார். பேச்சு போய்விட்டது, கண் மட்டும்தான் பேசும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான். தம்பியை எதையும் தொடவிடவில்லை. அவனாவது படித்து எங்கேயாவது போய்ப் பிழைக்கட்டும் என்று நினைத்தேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், இன்ஸ்பெக்டர் சார்.

அன்றைக்கு மதியம் இரண்டரை மணி. எங்களுடையது இரண்டாம் மாடி. படிக்கட்டை ஒட்டிய நடையில் காற்று வரும் என்பதால் அப்பாவை அங்கே உட்காரவைப்பது வழக்கம். இரண்டடி தள்ளி தம்பி நாற்காலி போட்டு, காதை அடைத்துக்கொண்டு, கண்ணை மூடி வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். நான் அப்பாவுக்கு அன்று மூன்றாவது முறையாகச் சட்டை மாற்றினேன். பொத்தான் போடும்போது அவர் என்னைப் பார்த்தார். எப்போதும் பார்க்கிற பார்வைதான். நான் உள்ளே போய் அழுக்குச் சட்டையைத் தண்ணீரில் நனைத்தேன்.

சத்தம் கேட்டு வெளியே வந்தபோது தம்பி படியின் உச்சியில் நின்றிருந்தான். அப்பா கீழே கிடந்தார். உயிர் போயிருந்தது.

"பிரேக் போட்டிருந்ததா?" என்றான். என்னைக் கேட்டானா, தன்னைத்தானே கேட்டுக்கொண்டானா, தெரியவில்லை.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். பிரேக்கில் பழுதில்லை, யாராவது காலால் எடுத்துவிட்டால்தான் நாற்காலி நகரும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

அதற்குப் பிறகு தம்பி மனதில் ஒரு வார்த்தையும் தங்கவில்லை. பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. "எதைப் படிச்சாலும் அந்தப் படிக்கட்டுதான் வருதுக்கா" என்றான். சரி, வார்த்தைகளை அந்தப் படிக்கட்டிலேயே மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். எந்த ஆசிரியரும் அதைத்தான் செய்திருப்பார்.

'இனட்வெர்டன்ட்' என்ற வார்த்தையில் 'வெர்ட்' என்றால் திரும்புவது. அந்தப் பக்கம் திரும்பாமல், கவனிக்காமல் செய்தது என்று அர்த்தம்.

"நீ காலை நீட்டறே. அது பிரேக்ல படுது. நீ திரும்பிப் பார்க்கல. இதுதான் படம்."

"நான் அப்படிச் செய்யலையேக்கா."

"படம்தானேடா. உன் காலா இருந்தாத்தான் மனசுல ஒட்டும்."

'ரிமோர்ஸ்' என்பதில் 'மோர்ஸ்' கடிப்பது, 'ரி' மறுபடியும். செய்த தப்பு மறுபடி மறுபடி வந்து கடிப்பது. அதற்கும் அதே காலைக் காட்டினேன். தினமும் காலையில் பத்து வார்த்தை. இரண்டாவது மாதம் "செய்யலையே" என்று சொல்வதை நிறுத்திவிட்டான். மூன்றாவது மாதம் ஒருநாள், "நான் செருப்பு போட்டிருந்தேனா, வெறுங்காலா?" என்று கேட்டான்.

"அங்க இருந்தது நீதானே" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "வெறுங்கால்தான். இரும்பு சில்லுன்னு பட்டுச்சு."

அது சரிதான். எனக்கும் சில்லென்றுதான் பட்டது.

பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினான். மறுவாரமே உங்களிடம் வந்து, என் கால் பட்டுப் பிரேக் விலகியது தெரிந்தும் படித்துக்கொண்டே இருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

நான் சும்மா இருக்கவில்லை. சிறையில் அவனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் வேறு படம் ஒட்டிப் பார்த்தேன். 'எக்ஸானரேட்' என்றால் பழியிலிருந்து விடுவிப்பது. அதில் 'ஓனர்' என்றால் லத்தீனில் பாரம், 'எக்ஸ்' வெளியே. "உன் தோள்ல இருக்கற மூட்டையை நான் இறக்கறேன், பாரு" என்றேன். வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டான். ஒட்டியதைப் பிய்த்தெடுக்கும் வழியை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

நேற்று கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தானைப் போட்டு முடித்ததும் கால் கட்டைவிரலால் பிரேக்கை எடுத்துவிட்டதை, தள்ளவில்லை என்பதை, அங்கே தரை கொஞ்சம் சரிவு என்பதை. அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு வலையின் ஓட்டை வழியாக விரலை நீட்டி என் விரலைத் தொட்டான்.

"எனக்காகப் பொய் சொல்லாதக்கா. அன்னிக்கு நீ வீட்டுலயே இல்ல. பச்சைக் குடையை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சார். அன்று நான் கடைக்குப் போகவில்லை. பிரேக்கை எடுத்தது நான்தான். எங்கள் வீட்டில் பச்சைக் குடை இருந்ததே கிடையாது.

ஆனாலும் நேற்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, கதவுக்குப் பின்னால் அதைத் தேடினேன்.