வெள்ளை வளையமிட்ட மரங்கள்

மேடையில் வீற்றிருக்கும் துறைப் பெரியோர்களே, வரப்பிலிருந்து நேராக வந்திருக்கும் விவசாயத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் ஐயாவின் துணைவியார், எங்கள் அண்ணியாரே, வணக்கம்.

‘நிழல் ஐயா’ மறைந்து ஒன்பது நாளாகிறது. மரத்தையும் பயிரையும் ஒரே வயலில் வாழவைத்தவர் அவர். “மரம் நட்டா பயிர் என்னத்தத் திங்கும்?” என்று இங்கிருக்கும் ஒருவர்தான் அன்று சண்டைக்கு நின்றார். “உதிர்ற இலையத் திங்கும். உமக்கு உரச் செலவு பாதியாகும். என்னைத் திட்டுறதுக்கு நேரமும் மிச்சமாகும்” என்றார் ஐயா. இன்று அந்தச் சண்டைக்காரர் வயலில் எத்தனை மரம் நிற்கிறது? அவரே சொல்லட்டும்.

இதைச் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வந்தேன். முடியவில்லை.

நம் ஆராய்ச்சிப் பண்ணையில் பன்னிரண்டு வயது மரங்கள் நெருங்கி வளர்ந்து பயிருக்கு வெயிலை மறைத்தன. பாதியைக் கழிக்க வேண்டும். நிற்க வேண்டிய மரத்துக்கு வெள்ளை வளையம். அது நம் பண்ணை வழக்கம். வெளியூரிலிருந்து வந்த வெட்டுக்காரர்களுக்கோ வளையம் போட்டதுதான் வெட்ட வேண்டிய மரம். அவர்களிடம் சொல்லும் பொறுப்பு யாருடையது? என்னுடையது. சொல்லாமல் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நல்ல மரங்கள் நாற்பதும் தரையில் கிடந்தன. கோணல் மரங்கள் நின்றன.

அன்றே நடந்த விசாரணையில் ஐயா சொன்னார்: “நான்தான் சொல்ல மறந்துட்டேன்.” பக்கத்தில் நான் நின்றேன். என் விரலில் வளையம் போட்ட வெள்ளை பெயின்ட் இன்னும் இருந்தது. வாய் திறக்கவில்லை. அவர் பண்ணையின் தலைமைப் பொறுப்பை இழந்தார். அந்த நாற்காலியில் பதினாறு ஆண்டுகளாக நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதன்பின் தினமும் நடுப்பகலில், கோணல் மரங்களும் அகற்றப்பட்ட அந்த வெற்று வயலைக் கடப்பார். இல்லாத மரங்களைச் சுற்றி வளைந்து வளைந்து நடப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “வேர் உள்ளேதான இருக்கு. மிதிக்க மனசு வரல” என்றார். என்னைக் குற்றம் சொல்லும் பார்வைகூட இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நேற்று நடுப்பகலில் தனியாக அந்த வயலில் நடந்தேன். கொளுத்தும் வெயில். பாதி வழியில் என் கால்கள் தாமாக விலகி வளைந்தன. முதுகில் நிழல் விழுந்தது போலக் குளிர்ந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

அண்ணி, அவர் மறக்கவில்லை. சொல்லாமல் விட்டவன் நான்.

இதை எழுதிக் கையெழுத்திட்டுத் துறைக்குக் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறினேன். நாற்காலியை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். நாளை முதல் அந்த வயலில் கன்று நட நாற்பது குழி தோண்டுகிறேன், பழைய வேர்களை மிதிக்காமல்.