வலிக்காத கசிவு

முருகேசன் மாமா, இன்னிக்கு தார்நாகா பஸ்ல ஒருத்தர் உங்கள மாதிரியே சம்சாரத்துகிட்ட பேசிட்டு வந்தாரு.

"வயித்த கிழிக்கவே இல்ல. தொடையில ஓட்டை போட்டு பெரிய ரத்தக்குழாய்க்குள்ள ஸ்டென்ட் வச்சாங்க, அவ்ளோதான். இதுக்கு வருஷா வருஷம் ஸ்கேனா? நக்கோ, வேணவே வேணாம்."

அந்தம்மா விடல. "ஸ்டென்ட் ஓரமா ரத்தம் கசிஞ்சா அந்த ரத்தக்குழாய் வீக்கம் திரும்ப வளரும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"வலிச்சா சொல்ல மாட்டேனா?"

"வலிக்காதுன்னும் சொன்னாரு. நீங்க அப்ப வார்டு டிவில மேட்ச் பாத்துட்டிருந்தீங்க."

"அடுத்த மாசம் போலாம்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. எந்திரிங்க, ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்துருச்சு."

அவரோட டிபன் பையத் தூக்கிட்டு அந்தம்மா இறங்கிட்டாங்க. அவரும் முனகிட்டே பின்னாடி இறங்குனாரு.

அதே ஸ்டென்ட் வச்ச நீங்களும் வலிக்கலன்னுதான் ஸ்கேனுக்குப் போகல மாமா. அந்த ரத்தக்குழாய் உள்ளயே வெடிச்சிருச்சு.

எங்க மாமாவோட ஆத்மா சாந்தியடைய இதப் படிக்கிற எல்லாரும் சாமிகிட்ட வேண்டிக்கோங்க.