எழுபத்தாறாம் வருஷத்துச் சிவப்புக் கார்

பழைய காரைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டு போகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, வண்டியை ஆறவிட்டுக் கொண்டு போவது. நிலையம் இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறது என்று மெதுவாக ஓட்டிப் போய் வரிசையில் நிற்பார்கள். ஆறின இன்ஜின் அழுக்காகத்தான் மூச்சு விடும். நாற்பது நிமிஷம் நெடுஞ்சாலையில் மூன்றாவது கியரிலேயே விரட்டி, சூடு தணிவதற்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஃபிரெஸ்னோவில் இருபத்தாறு வருஷமாக இதை நான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், டிடெக்டிவ் மேடம். லாவ்ரோ செத்ததற்கு நான்தான் காரணம். நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவன் மகள் நயெலி அந்தக் காரில் போவது எனக்குத் தெரியாது. அதையும் முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

லாவ்ரோ என் மனைவி டெல்ஃபினாவின் தம்பி. கூரை வேயும் வேலை. நல்லவன். தேவாலயத்தில் நாற்காலி தூக்கிப் போட ஆள் வேண்டுமென்றால் முதலில் எழுந்து நிற்பவன். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் அந்தச் சிவப்பு ஜப்பான் கார். இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, எழுபத்தாறாம் வருஷத்து வண்டி. எங்கள் கலிபோர்னியாவில் எழுபத்தைந்து வரை வந்த பெட்ரோல் கார்களுக்குப் பரிசோதனை கிடையாது. ஒரே ஒரு வருஷம் முந்திப் பிறந்திருந்தால் அது யாருக்கும் பதில் சொல்லாமல் ஊரைப் புகையடித்துக்கொண்டு திரிந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை வரும்போது லாவ்ரோ என்னிடம் வந்து இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வான்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புகையைச் சுத்தம் பண்ணுகிற கன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி காருக்கு அடியில் இருக்கும். அது இருந்தால் வண்டி இழுக்காது, சத்தம் வராது என்று விளையாட்டுக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எண்ணம். அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டிக்கொள்வார்கள். பரிசோதனை வருகிறபோது பெட்டியைத் திரும்ப மாட்டி, பாஸ் பண்ணி, மறுநாளே கழற்றிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் சட்டையை உள்ளே விட்டுக்கொள்கிற மாதிரி. கழற்றின பெட்டிகளை வீட்டில் வைத்தால் தொலைந்துபோகும் என்று என்னிடமே விட்டுவிடுவார்கள். என் பட்டறைச் சுவரில் ஆணியடித்து, பெயர் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். நீங்கள் வந்து படம் எடுத்தபோது நாற்பத்தொன்று இருந்தது. சட்டப்படி குற்றம் என்று தெரியும். ஊரில் எல்லோரும் செய்கிறார்கள்.

எனக்கு ஆபெல் என்று ஒரு மகன் இருந்தான். இரண்டு வயதிலிருந்தே இளைப்பு. எங்கள் பள்ளத்தாக்கின் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் அன்றன்றைக்குக் காற்று எவ்வளவு மோசம் என்று காட்டக் கொடி ஏற்றுவார்கள், சிவப்புக் கொடி என்றால் பிள்ளைகளை வெளியே விளையாட விட மாட்டார்கள். ஆபெலுக்கு வருஷத்தில் பாதி நாள் சிவப்புக் கொடிதான். லாவ்ரோ மாமாவின் கார் என்றால் அவனுக்கு உயிர். சாயங்காலம் வேலை முடிந்து லாவ்ரோ எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, ஆக்சிலேட்டரை மிதித்து உறும வைப்பான். பையன் குழாய்க்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கால்சட்டை காற்றில் படபடக்கச் சிரிப்பான். இன்னொரு தடவை, மாமா, இன்னொரு தடவை என்று கேட்பான். லாவ்ரோவும் மிதிப்பான்.

போன செப்டம்பரில் ஆபெல் இறந்தான். ஒன்பது வயது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பல காரணம் சொன்னார். வயல் தூசி, காட்டுத் தீ, நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் வீடு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். எனக்கு அந்தச் சிவப்புக் காரின் வால்தான் கண்ணில் நின்றது.

ஜனவரியில் லாவ்ரோ வந்தான். பரிசோதனைக்குக் கெடு மாதக் கடைசி. நிலையத்தில் ஒரு தடவை சக்கரங்களை உருளை மேல் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, புகையில் விஷ வாயு அனுமதித்ததைப் போல மூன்று மடங்கு இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். துக்க வீட்டில் வேலை சொல்கிறோமே என்று அவனுக்குச் சங்கடம். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான். நான் சாவியை வாங்கிக்கொண்டேன்.

அந்த ஐந்து நாள் வேலையைப் போல நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை. ஆயில் மாற்றினேன். பிளக் ஆறும் புதிது. வெடித்துப்போன ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து மாற்றினேன். பெட்ரோல் கலவையைக் குறைத்து, தீப்பொறி நேரத்தைச் சரி பண்ணி, சுவரிலிருந்து அவன் பெயர் எழுதின பெட்டியை இறக்கி, துடைத்து, இணைப்பில் புகை கசியாமல் இருக்கப் புதுப் பேக்கிங் வைத்து மாட்டினேன். வெள்ளிக்கிழமை காலையில் நெடுஞ்சாலையில் விரட்டிச் சூடாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். பாஸ். அந்த வயசுக் காருக்கு இவ்வளவு சுத்தமான அளவை நான் பார்த்ததே இல்லை என்றார் பரிசோதனைக்காரர். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். இந்தக் கார் இப்படியும் ஓடியிருக்க முடியும். லாவ்ரோ கையில் இருந்த பத்து வருஷமும் இப்படியே ஓடியிருக்க முடியும்.

அன்று மத்தியானம் லாவ்ரோ ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"உப்புப் போடாத பீன்ஸ் மாதிரி இருக்கு மச்சான்," என்றான். "தாள்தான் கைக்கு வந்துடுச்சே. பெட்டிய கழட்டிட்டு பழையபடி ஆக்கிடு. ஞாயித்துக்கெழம மலைக்கு எடுத்துட்டுப் போறேன், பனி கொட்டிக் கெடக்காம்."

நான் கேட்டேன். இதை வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டும், நான் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் என்பதற்காக. "பெட்டி இருந்துட்டுப் போகட்டுமே, மாப்ள," என்றேன்.

அவன் சிரித்து என் முதுகில் தட்டினான். "ஒனக்கு வயசாயிடுச்சு மச்சான். நீ கழட்டாத பெட்டியா?"

சனிக்கிழமை கழற்றினேன். கலவையைப் பழையபடி கூட்டினேன். வெறும் குழாயை மாட்டும்போது பழைய, கிழிந்த பேக்கிங்கையே வைத்தேன். மூன்று போல்ட்டையும் விரலால் திருகி, ஸ்பானரால் அரைச் சுற்று மட்டும் கொடுத்தேன். கியர் கம்பி தரையில் இறங்குகிற இடத்தில் ஒரு ரப்பர் உறை இருக்கும், கீழே இருக்கிற காற்று மேலே வராமல் தடுக்க. அதைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். மேலே இருக்கும் தோல் உறையை ஒழுங்காக மாட்டினேன், பார்த்தால் தெரியாது. நான் எதையும் வைக்கவில்லை, எதையும் அறுக்கவில்லை. செய்ய வேண்டிய சிலவற்றைச் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான். புகையில் இருக்கும் அந்த விஷ வாயுவுக்கு மணம் கிடையாது. கூட வருகிற பெட்ரோல் நாற்றம் லாவ்ரோவுக்குப் பழக்கம், அவனுக்கு அது அத்தர் மாதிரி, சந்தேகப்பட மாட்டான் என்று நினைத்தேன்.

சாகட்டும் என்று நினைத்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. தலை வலிக்கட்டும், நெஞ்சு அடைக்கட்டும், ஒரு நாளாவது மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடட்டும் என்று நினைத்தேன். ஆபெல் எப்படி இருந்தான் என்று அவனுக்குத் தெரியட்டும். ஒரு தகப்பன் அதை நினைப்பதில் அநியாயம் எதுவும் இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இப்போது தோன்றுகிறது. கார் சாலையை விட்டு மெதுவாக இறங்கி ஒரு பைன் மரத்தில் சாய்ந்து நின்றதாம். பனி தள்ளுகிற வண்டிக்காரர்தான் பார்த்திருக்கிறார். லாவ்ரோ ஸ்டியரிங்கில் தலையை வைத்துத் தூங்குகிறவன் மாதிரி இருந்தானாம். அடுத்த இருக்கையில் நயெலி. மூச்சு இருந்தது. ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். டெல்ஃபினா ஒரே நாளில் தம்பியைப் பறிகொடுத்து, அவன் பிள்ளைக்காக அதே ஆஸ்பத்திரியின் அதே மாடியில் போய் உட்கார்ந்தாள். ஆபெலுக்கு உட்கார்ந்த அதே மாடி. நான் அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாய், பழைய காரை நம்பவே கூடாது என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அப்போது செத்துவிடலாம் போல இருந்தது.

சுவரில் நாற்பத்தொரு பெட்டி தொங்கியதே, அத்தனையும் கழற்றிய கை யாருடையது என்று நேற்று கேட்டீர்கள். என்னுடையது. லாவ்ரோ மிதித்தபோது பையனைக் குழாய்க்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தினது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் அதே பதில்தான். லாவ்ரோவைப் பார்க்கிறபோது எனக்கு அதை நினைக்க வேண்டியிருக்கவில்லை. அவன் போன பிறகு வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

இனி நயெலி விஷயம். வியாழக்கிழமை அவள் கண் விழித்ததாகச் சொன்னீர்கள். பேசுகிறாள் என்றும் சொன்னீர்கள். சந்தோஷம். நான் மனதாரச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பட்டறையிலிருந்து கார் கிளம்பும்போது நான் எங்கே இருந்தேன் என்று மூன்று தடவை கேட்டீர்கள். சாவியைக் கொடுத்துவிட்டுக் கை கழுவ உள்ளே போய்விட்டேன் என்று மூன்று தடவையும் சொன்னேன். அவள் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள் என்று உங்கள் முகத்தில் தெரிந்தது. அவளுக்குப் பதினோரு வயது. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத பிள்ளை.

நான் கை கழுவப் போகவில்லை. லாவ்ரோ பனியில் சக்கரத்துக்கு மாட்டுகிற சங்கிலியைப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நயெலி பச்சைக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். அவளை இறங்கச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனி வரை வந்தது, இதை நீங்கள் நம்ப வேண்டும். அப்போது லாவ்ரோ முன்னால் வந்து குனிந்து அவள் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டான். அவனுக்கு இழுத்துவிட ஒரு தலை இருந்தது.

"மாமா, உள்ள என்னமோ நாறுது," என்றாள் நயெலி. ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்திருந்தாள்.

"மலையில குளிரும் கண்ணு, கண்ணாடிய ஏத்திக்க," என்றேன்.

அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. உடனே ஏற்றப் பார்த்தாள். பழைய கைப்பிடி, இறுகிக் கிடந்தது, அவள் பலத்துக்குச் சுற்றவில்லை. நான் கதவைத் திறந்து, அவள் முழங்காலில் இடிக்காமல் பார்த்து, கண்ணாடியைக் கடைசி வரை சுற்றி ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.