மயக்கத்தில் கல்யாணக் குதிரை

மின்சார ரயிலில், செம்பூரில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். இருவரும் கால்நடை மருத்துவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“குதிரையப் படுக்க வைக்கறது சுலபம்டி. எழுந்திருக்கும்போதுதான் கால உடைச்சுக்கும்.”

“அதான் ஆபரேஷன் முடிஞ்சதும் நான் கொஞ்சம் சைலசின் போட்டு அசத்தி வெச்சுடுவேன். நிதானமா எழுந்திருக்கும். நீ?”

“போடறதில்ல. கெட்டமின் மயக்கம் இறங்கினதும் தானா எழுந்திருக்கட்டும்னு விட்டுடுவேன். நேத்து வரைக்கும்.”

“நேத்து என்ன?”

“கல்யாணத்துல மாப்பிள்ளைய ஏத்திட்டுப் போற குதிரை. பாதி மயக்கத்துல கிடந்துது. வெளிய ஒரு பராத், மாப்பிள்ளை ஊர்வலம் போச்சு. பேண்டு சத்தம் கேட்டதும் எழுந்துடுச்சு.”

“ஐயோ. விழுந்துதா?”

“ரெண்டு வாட்டி.”

“கால்?”

“தப்பிச்சுது. அப்புறம் சுவத்துல சாஞ்சு, தள்ளாடிக்கிட்டே, மாப்பிள்ளை ஏறட்டும்னு காத்துட்டு நின்னுது.”