குளக்கட்டில் தகரம் தட்டிய கைகளுக்கு

வேங்கையடிக்குளத்துக் காட்டு வாடிவீட்டின் தலைமைக் காவலராய் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் ஏறாவூர் ஆ. அசனார் அவர்களுக்கு, அவ்வீட்டுப் பணியாளர் மனமுவந்து வாசித்தளிக்கும் மடல்

காடறிந்த கண்ணியமிக்கவரே! கடமையிற் கலங்காக் காவலரே! துப்பாக்கியின் முன் துணிந்து நின்ற தூயவரே!

ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதின்மூன்றில் நீங்கள் இங்கே வந்தபோது இருந்தவை இரண்டு அறைகள், ஒரு கிணறு, சுற்றிலும் பாலையும் முதிரையும் வீரையுமாய் மரங்கள் மட்டுமே. தங்க வந்தோரை விடியலில் எழுப்பி, சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, புற்றின் மறைவில் இருத்தி, பழந்தின்னப் பாலைமரம் ஏறும் கரடியைக் காட்டிய பொறுமையை என்னென்போம்! மரையின் குளம்படியில் விரல் வைத்து, அது போய் எவ்வளவு நேரமென்று சொன்ன நுட்பத்தை என்னென்போம்!

கல்லடியிலிருந்து காடு பார்க்க வந்த ஆசிரியைமார் எண்மர், அறைகள் துரைமாருக்கென்று ஒதுக்கப்பட்டவை என அறிந்து விறாந்தையில் பாய் விரித்தார்கள். “கட்டில் சும்மா கிடக்கு, ஆக்கள் நிலத்தில படுக்கிறதா?” என்று சொல்லி அறைகளைத் திறந்துவிட்டீர்கள். அதற்காக மேலிடத்திலிருந்து கண்டனம் வந்தது. மறுமாதம் வந்த ஊராருக்கும் திறந்துவிட்டீர்கள்!

முப்பத்தாறாம் ஆண்டு ஆவணி மாதத்தை எப்படி மறப்போம்? மழையின்றிக் காட்டுக் குளங்களெல்லாம் வெடித்துக் கிடக்க, நமது குளத்தில் மட்டும் முழங்காலளவு தண்ணீர். வயல் வட்டைகளை அழித்துத் திரிந்த ஒற்றைக் கொம்பனைச் சுடும் உத்தரவோடு மலைநாட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் வந்து தங்கினார். மூன்று நாளாகியும் கொம்பன் வரவில்லை. மூன்றாம் நாள் பிற்பகலில் தண்ணீர் தேடி வந்தவை பிடிகளும் கன்றுகளுமாய்ப் பதின்மூன்று. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாத துரை, தடம் பார்க்கும் கதிர்காமத்தம்பியைக் கிட்டக் கூட்டிச்செல்லும்படி அதட்டினார். கதிர்காமத்தம்பி ஓரடி முன்வைத்தார். நாங்கள் வாய்மூடி நின்றோம். அதை இம்மடலில் மறைப்பதற்கில்லை.

“மனே, நீ பின்னுக்கு நில்லு” என்று மகனைப்போல் அழைத்து அவரை விலக்கி முன்னே வந்தீர்கள். “துரை, உங்கட கடதாசியில கிடக்கிறது கொம்பன். இது தாயும் புள்ளையும். நான் விடமாட்டன்.”

“நாளைக்கு உனக்கு வேலை இருக்காது” என்றார் துரை.

“வேலையை எடுங்க துரை” என்றீர்கள்.

மண்ணெண்ணெய்த் தகரமொன்றைத் தூக்கிக்கொண்டு, உயர்த்திய துப்பாக்கிக்கும் யானைகளுக்கும் நடுவே குளக்கட்டில் ஏறி நடந்தீர்கள். நீங்கள் தட்டிய தட்டில் காடே அதிர்ந்தது. கன்றுகளை நடுவிலிட்டுப் பிடிகள் காட்டுக்குள் திரும்பின. அந்த வேட்டு வெடிக்கவேயில்லை.

கள் வெறியில் துரையை அவமதித்தீர்களென்று துரையின் தரப்பில் முறைப்பாடு எழுதினார்கள். ஒரு நோன்பும் விடாத மனிதரைப் பற்றி எழுதினார்கள்! ஏழு மாதம் வேலையின்றி ஏறாவூரில் இருந்தீர்கள். அந்தப் பொய்க்குச் சாட்சியாய் எங்களிடம் ஒப்பம் வாங்க ஆள் வந்தபோது, சமையல் செய்யும் கண்ணகைதான் முதலில் எழுந்தாள். “இதுக்கு நான் பெருவிரல் வைக்கமாட்டன். வேணுமெண்டா விரலை வெட்டிக்கொண்டு போங்க” என்றாள். அவள் சொன்ன பிறகே எங்களில் மற்ற இருவருக்கும் முதுகு நிமிர்ந்தது. விசாரிக்க வந்த அதிகாரி எங்கள் மூவரையும் தனித்தனியே கேட்டார். உத்தரவுக் கடதாசியையும் வாங்கிப் பார்த்தார். உங்களை மீண்டும் வேலைக்கு அழைத்தார்கள்.

ஆனாலும் துரைக்கு மன்னிப்பு எழுதித்தர வேண்டுமென்றார்கள். “பிழை செய்திருந்தா எழுதலாம்” என்றீர்கள். நாலாண்டாய்க் கேட்டார்கள். நாலாண்டாய் எழுதவில்லை!

அதனால் இன்று உங்களுக்கு நற்சான்றுப் பத்திரம் இல்லை. வாடிவீட்டு வளவுக்குள் பிரியாவிடை நடத்தக் கூடாதென்று போன கிழமை கடிதமும் வந்தது. நடத்தவில்லை. வேலிக்கு வெளியே, இந்த மருதமர நிழலில் பாய் விரித்திருக்கிறோம். வட்டைகளில் வேலை விட்டு வந்த ஊரார் எம்மோடு இருக்கிறார்கள். வாடிவீட்டு விறாந்தையில் நின்று பார்க்கும் மேலிடத்தார் நன்றாகப் பார்க்கட்டும். அவர்களுக்கும் கேட்கத்தான் உரக்க வாசிக்கிறோம்.

அஞ்சா நெஞ்சத்து அண்ணலே! துணைவியார் கைறுன்னிஸா அம்மையாரோடும் மக்களோடும், கால் தளராமல், கண்ணொளி குன்றாமல், நூறாண்டு வாழ்க! வேட்டைக்காரர் இனியும் வருவார்கள். அன்று நின்றதுபோல் நாங்கள் சும்மா நிற்கப்போவதில்லை. இம்மடலை எழுதியது யாரென்று எவர் வந்து கேட்டாலும், நாங்கள்தான்.

இங்ஙனம்,
க. அழகரத்தினம், கணக்கர், களுவாஞ்சிக்குடி
வே. கதிர்காமத்தம்பி, தடம் பார்ப்பவர், குருக்கள்மடம்
கண்ணகை, சமையல், வேங்கையடிக்குளம் (பெருவிரல் அடையாளம்)

வேங்கையடிக்குளம், 1941 ஆவணி