ஐந்தாவது கார்டு

மழை வருவதற்கு முன்னால் என் இடது முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிடும். அலுவலகத்தில் இதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வார்கள். அன்று காலை எட்டு மணிக்கே வலித்தது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். அதனால் வானிலை என்னை ஏமாற்றிவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்லும்படி என் வக்கீல் யோசனை சொன்னார். நல்ல மனிதர், ஆனால் கோல்ஃப் தெரியாதவர்.

விசாரிக்கிற உங்களுக்கும் தெரியாது என்றீர்கள். பரவாயில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு முதல்நிலைத் தொடர் என்று ஒன்று உண்டு. அதில் ஆடக் கார்டு வேண்டும். கார்டு கிடைத்தால் ஒரு வருடத்துக்கு எல்லாப் பெரிய மைதானங்களும் திறந்த கதவுதான். கிடைக்காதவர்கள் இரண்டாம் நிலைத் தொடரில் ஊர் ஊராக அலைய வேண்டும். முன்பெல்லாம் அங்கே வருடம் முழுக்க ஆடிச் சேர்த்த புள்ளிகளை வைத்துத்தான் கார்டு கொடுத்தார்கள். ஆறு வருடத்துக்கு முன் அதை மாற்றினார்கள். இப்போது நான்கு நாள் தகுதிச் சுற்று. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். முதல் ஐந்து பேருக்குக் கார்டு, ஆறாவது ஆள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

நான்கு நாள் யாருக்கும் வாய்க்கும். நல்ல தூக்கம், பின்னாலிருந்து அடிக்கிற காற்று, கல்லில் பட்டு உள்ளே திரும்புகிற ஒரு பந்து. அதை வைத்து ஒருவரை மேலே தூக்கி உட்கார வைப்பது தப்பு. மேலே போகிறவர் மோசமான நாட்களில் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இதையே விளக்கிக் கோல்ஃப் சங்கத்துக்குப் பதினோரு கடிதம் எழுதினேன். பதினொன்றுக்கும் ஒரே பதில், கடிதம் கிடைத்தது, நன்றி. நான் ஆடுகளக் கண்காணிப்பாளன். இருபத்திரண்டு வருடமாகப் போட்டி நடத்துகிறேன். நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்களில் பாதிப் பேருக்கு நான் ஆரம்பித்தபோது மீசைகூட முளைத்திருக்காது.

ஐந்தாம் இடத்துக்கு நின்ற இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு நாற்பத்திரண்டு வயது. இரண்டாம் நிலைத் தொடரை விட்டு நகராமல் பதினான்கு வருடம் ஆடியதால் சக ஆட்டக்காரர்கள் அவருக்கு ‘நிரந்தரம்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். எனக்கு உறவில்லை, சிநேகிதமும் இல்லை. ஒரு காபிகூட நாங்கள் சேர்ந்து குடித்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள், முக்கியம்.

மற்றவர் பிளம்பர். நிஜமாகவே பிளம்பர்தான், காலையில் குழாய் மாட்டிவிட்டுச் சாயங்காலம் பந்து அடிப்பவர். முதல் நாள் அவர் மனைவி என் அறைக்கு வந்தார். ஆட்டக்காரரின் பையைத் தான் தூக்கலாமா என்று கேட்டார்.

“அவரோட ஸ்பானர் பெட்டியையே நான்தான் சார் தூக்கறேன். இது அதைவிட லேசுதான்,” என்றார்.

“தூக்கலாம்மா. ஒண்ணே ஒண்ணு, சைரன் கேட்டா அந்த இடத்துலயே ஆட்டத்தை நிறுத்திட்டு உள்ள வந்துடணும்.”

“எப்ப அடிப்பீங்க?”

“இடி மின்னல் பக்கத்துல வந்தா. அதுக்கு மெஷின் இருக்கு, நான் பார்த்துக்கிட்டே இருப்பேன். நீங்க கவலைப்படாம ஆடுங்க.”

அவர் கைகூப்பிவிட்டுப் போனார். மரியாதையான பெண். எனக்கு அவர்மேல் எந்த வருத்தமும் கிடையாது.

கடைசி நாள் மூன்றரை மணிக்கு நிரந்தரம் ஆட்டத்தை முடித்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் மிச்சம் மூன்றே பேர். பிளம்பர், அவர் மனைவி, கூடவே ஒரு பெண் நடுவர். ஜோடியாக ஆட வந்தவர் மணிக்கட்டு சுளுக்கி எட்டாவது குழியிலேயே விலகிவிட்டார். பிளம்பருக்கு இன்னும் இரண்டு குழிகள் பாக்கி. கோல்ஃபில் குறைவான அடிகளில் முடிப்பவர்தான் முன்னால்; அந்தக் கணக்கில் அவர் நிரந்தரத்தைவிட ஒரே ஒரு அடி முன்னால் இருந்தார். அந்த ஒரு அடியைக் காப்பாற்றிக்கொண்டால் ஐந்தாவது கார்டு அவருக்கு.

மூன்று நாற்பதுக்கு மெஷினில் மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. மின்னல் பக்கத்தில் இறங்குகிறது என்று அர்த்தம். உடனே சைரன் பொத்தானை அழுத்த வேண்டும். என் மேஜையில் வலது கை ஓரமாகவே இருக்கும், என்னைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. அதே நேரம் காற்றும் எழுந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது.

நான் யோசித்ததை யோசித்தபடியே சொல்கிறேன். இப்போது சைரன் அடித்தால் மிச்ச ஆட்டம் மறுநாள் காலைக்குப் போகும். மறுநாள் காற்று இருக்காது, புல் வெட்டியிருக்கும். பிளம்பர் நன்றாகத் தூங்கி எழுந்து வந்து, அசைவில்லாத காற்றில் இரண்டு குழிகளை ஆடிவிட்டுக் கார்டை வாங்கிக்கொண்டு போவார். பதினான்கு வருடம் காற்றிலும் மழையிலும் ஆடியவர் பக்கத்தில் நின்று கை தட்டுவார். இதைத்தானே பதினோரு கடிதத்திலும் எழுதினேன். காற்றில் ஒரு பத்து நிமிடம் ஆடிக் காட்டட்டும், தகுதி இருந்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இதில் நியாயமில்லாதது எதுவும் இருப்பதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

பதினேழாவது குழி மேட்டின் மேல். அங்கே மரம் கிடையாது. நடுவர் வாக்கி டாக்கியில் கூப்பிட்டார்.

“சார், இங்க வானம் கன்னங்கரேல்னு இருக்கு. சைரன் ஏன் வரல?”

“மெஷின்ல இன்னும் மஞ்சள்தாம்மா.”

“அவர் நிறுத்திக்கலாமான்னு கேக்கறாரு.”

“தாராளமா நிறுத்தலாம். ஆனா ஆபத்து இல்லாம நிறுத்தினதா குழு முடிவு பண்ணினா, ஆட்டத்துலேர்ந்தே நீக்கிடுவாங்க. அதையும் சொல்லிடுங்க.”

விதியில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. மஞ்சள் என்றது மட்டும் பொய். நடுவர் வாக்கி டாக்கிப் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை போலிருக்கிறது, பிளம்பரின் மனைவி பேசியது எனக்குக் கேட்டது. “சைரன் அடிக்கலையே, அந்த சார் பார்த்துட்டுத்தான் இருப்பாரு. நீ ஆடு,” என்றார்.

கேமரா திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளம்பரின் சட்டை முதுகில் படபடத்தது. இரண்டு முறை பந்துக்கு முன்னால் நின்று, விலகி, மறுபடி நின்றார். பிறகு அடித்தார். தாழ்வாக, காற்றின் வயிற்றுக்குள் புகுந்து போகிற அடி. அந்த அடியை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. பந்து குழிக்கு ஒரு கை நீளத்தில் நின்றது. ஒரே தட்டில் உள்ளே போட்டார். இப்போது இரண்டு அடி முன்னால்.

அந்த இடத்தில் ஏன் அழுத்தவில்லை என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். நான் வைத்த பரீட்சையில் அவர் தேறிவிட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு குழியை வைத்து ஆளை எடை போட முடியாது. பதினெட்டாவது குழிதான் கைகளை நடுங்க வைக்கும். அதையும் பார்த்துவிடலாம் என்று இருந்தேன்.

மற்றதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. மூன்று ஐம்பத்து நான்குக்கு, சரிவில் இறங்கும்போது, அவர்மேல் மின்னல் விழுந்தது. இருபது அடி பின்னால் வந்த மனைவி பிழைத்தார். இப்போது ஒரு காது கேட்பதில்லையாம். விசாரணைக்கு வந்தபோது என்னைப் பார்த்து, “நீங்க என்ன சார் பண்ணுவீங்க, மெஷின் சரியில்லாம போச்சு,” என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. மெஷினில் ஒரு குறையும் கிடையாது, நானே வாராவாரம் சோதிக்கிறேன்.

விதிப்படி ஐந்தாவது கார்டு நிரந்தரத்துக்குப் போனது. நானே கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்கவில்லை.

“வேணாம் சார். அன்னிக்குக் காலையிலயே என் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன், இதுதான் கடைசி, இதோட விட்டுடறேன்னு. அந்த மனுஷன் பதினேழுல அடிச்சாரே, நான் பதினாலு வருஷத்துல அப்படி ஒண்ணு அடிச்சதில்ல,” என்றார்.

அதிர்ச்சியில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். கார்டு என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. மனம் மாறி வந்தால் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்று நானாக வந்தது வேறு காரியத்துக்கு. உங்கள் அறிக்கையில், கண்காணிப்பாளரின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் கவனக்குறைவாக இருந்ததில்லை. அந்தப் பதினான்கு நிமிடமும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் பதினெட்டாவது குழியில் முதல் அடிக்கு நின்றபோது என் விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. அந்த அடி மட்டும் கோணலாகப் போயிருந்தால் அந்த நொடியே அழுத்தியிருப்பேன், மூன்று பேரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். பந்து நேராகப் போய் நட்ட நடுவில் விழுந்தது. விழுந்ததைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.